வெள்ளிக்கிழமைப் புள்ளி

கலந்தரின் கையில் இருபத்தெட்டாவது மருதாணிப் புள்ளியை வைத்த அன்றுதான் சுமையாவுக்கு முதன்முதலாக அப்படித் தோன்றியது. இந்த மனிதர் பொய் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஜும்ஆ தொழுகைக்குக் குளிக்கப் போகும் முன்னால் நடக்கிற வேலை அது. கலந்தர் கூடத்துப் பாயில் உட்கார்ந்து, வலது கையை ஒரு தலையணைமேல் மல்லாத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுமையா அவருடைய விரல் நுனியில் தொடங்கி, முன்கையிலிருந்த தழும்பை நோக்கி மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே வருவாள். ஏதோ ஓரிடத்தில் அவர் "எறும்பு" என்பார். அந்த இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தால் நரம்பு அதுவரைக்கும் வளர்ந்து வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே ஒரு புள்ளி வைப்பாள்.

முதலில் பேனாவால்தான் வைத்தாள். ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் ஒளு செய்து கழுவுகிற கையில் பேனா மை எவ்வளவு நேரம் நிற்கும்? சாயங்கால அஸர் தொழுகைக்குள் காணாமல் போய்விடும். அதனால்தான் மருதாணி. பழைய புள்ளி மங்கிக்கொண்டு வரும்போது புதியது அதற்கு முன்னால் சிவந்திருக்கும். முழுக்கைச் சட்டை போட்டும் மறையாமல் அது உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தபோது எதிர்வீட்டு ஹலீமா விடவில்லை.

"என்ன சுமையா, மாப்பிள்ளைக்கு மறுபடியும் நிக்காஹ்வா? எங்களுக்கெல்லாம் கல்யாண சஹன் சோறு உண்டா?"

"பொண்ணு நான்தான். பரவாயில்லையா?" என்றாள் சுமையா.

குவைத்தில் ஒரு சின்ன ஓட்டல் அடுப்படியில் கலந்தருக்கு வேலை. காலையிலிருந்து இரவுவரை கொதிக்கிற எண்ணெயின் முன்னால் நிற்க வேண்டும். தொண்ணூற்றேழு மார்ச்சில் அங்கே ஒரு கண்ணாடிக் கதவு உடைந்து, மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே ஆழமாக வெட்டிவிட்டது. அங்கே தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊரான கூத்தாநல்லூரில் வந்து இறங்கியபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அவருடையவை இல்லை. தஞ்சாவூரில் சான்ட்ரா டாக்டர் மறுபடி பிரித்துப் பார்த்து, அறுந்த நரம்பைப் பூதக்கண்ணாடி வைத்துத் தைத்தார்.

"நான் தைச்சது மேலுறைதான்" என்றார் டாக்டர். "உள்ள இருக்கிற நரம்பு வெட்டின இடத்துலேர்ந்து புதுசா வளர்ந்து விரலுக்குப் போய்ச் சேரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். வாரத்துக்கு ஒரு நெல் நீளம்னு வெச்சுக்குங்க."

இதைக் கலந்தரும் பக்கத்தில் இருந்து கேட்டார். சந்தேகத்தின் வேரே அங்கேதான் இருந்தது.

புள்ளிகள் மங்கிவிடும் என்பதால் சுமையா ஒரு வெள்ளை நூலும் வைத்திருந்தாள். ஒவ்வொரு வாரமும் தழும்பிலிருந்து அன்றைய புள்ளிவரை நூலைப் பிடித்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவாள். இருபத்தெட்டாவது முடிச்சைப் போட்டுவிட்டு நூலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முதல் நாலைந்து முடிச்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடந்தன. அதற்குப் பிறகு எல்லாம் ஒரே இடைவெளி. தஸ்பீஹ் மணி கோர்த்த மாதிரி.

உயிருள்ள எது இப்படி வளரும்? கொல்லையிலிருக்கிற அவரைக்கொடி ஒரு வாரம் ஒரு முழம் ஓடுகிறது, மறுவாரம் சும்மா நிற்கிறது. வயலில்கூட ஒரே நாள் நட்ட நாற்று ஒரே உயரத்தில் நிற்பதில்லை. இவருடைய நரம்பு மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டு போகிறதா? போன வாரப் புள்ளியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு நெல் முன்னால் விரல் வரும்போது "எறும்பு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

யோசிக்க யோசிக்க மற்றதும் சேர்ந்துகொண்டது. பீரோவில் துணிக்கு அடியில் கிடந்த பாஸ்போர்ட் இப்போது மேல் தட்டுக்கு வந்திருந்தது. பரணிலிருந்த சூட்கேஸைத் துடைத்து வைத்திருந்தார். இரண்டு மாதமாக மீன் தொடுவதில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்பார். வயிற்றுக்கு என்ன? முள்ளைப் பிரித்தெடுப்பது விரல்தானே. விரலுக்கு உணர்ச்சி வந்துகொண்டிருக்கிற மனிதர் கெண்டை மீனைப் பார்த்து ஏன் பயப்படுகிறார்?

அவர் ஏன் பொய் சொல்வார் என்பதும் அவளுக்குப் புரியாமல் இல்லை. குவைத்தில் வேலை பார்க்கிறவர் ஆறு மாதத்துக்குமேல் வெளியே இருந்தால் அங்கே தங்கும் அனுமதி போய்விடும். முதலாளி நல்லவர், அங்கே அலுவலகத்தில் சொல்லி நோன்புவரைக்கும் தவணை வாங்கியிருந்தார். நோன்பு பிறக்கும்போது எனக்கு அடுப்படியில் ஆள் நிற்க வேண்டும், கையில் குறை இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் நீ வா, முடியாவிட்டால் உன் மச்சினனை அனுப்பு என்று சொல்லியிருந்தார். மச்சினன் என்றால் சுமையாவின் தம்பி ஷஹ்பாஸ். சென்னை மண்ணடியில் ஒரு கடையில் நின்றுகொண்டு, எப்போதடா கப்பலோ விமானமோ ஏறுவோம் என்று இருப்பவன்.

அது தவிர இந்த ஊர். காலை பதினொரு மணிக்குத் தெருவில் பெண்களையும் வயசாளிகளையும் தவிர யாரும் நடமாடாத ஊர். முப்பத்தைந்து வயது ஆண் ஒருவர் அந்த நேரத்தில் பால் வாங்கப் போனால் எதிரில் வருகிற ஒவ்வொருவரும் சலாம் சொன்ன கையோடு, "எப்ப பயணம்?" என்பார்கள். எட்டு மாதமாக அந்த ஒரே கேள்வி. கலந்தர் பால் வாங்கப் போவதை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது.

இதெல்லாம் தெரிந்தும் சுமையா பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அறுவை முடிந்து மூன்றாம் மாதம், தோசை எடுக்க அடுப்படிக்கு வந்த கலந்தர் பேசிக்கொண்டே கல்லின் விளிம்பில் கையை ஊன்றி நின்றார். ஏதோ கருகுகிறதே என்று சுமையா தோசையைத் திருப்பிப் பார்த்தாள். தோசை நன்றாகத்தான் இருந்தது. அவருடைய விரல்தான் வெந்துகொண்டிருந்தது. அவர் அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த வாசனை அவள் மூக்கைவிட்டுப் போகவே இல்லை. அங்கே அந்தக் கொப்பரை எண்ணெயின் முன்னால் இவர் யாரிடம் பேசிக்கொண்டு நிற்பாரோ?

மூன்று வாரம் பொறுத்தாள். புள்ளி விரல் நுனிக்குக் கிட்டத்தில் வந்தது. நாலாவது வெள்ளிக்கிழமை, அவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட துவாலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்க கண்ண நல்லா கட்டிடுறேன். இன்னைக்கு எறும்பு வேணாம். எந்த விரல்னு மட்டும் சொல்லுங்க."

"எதுக்கு கட்டுறது? நான் என்ன பாத்துக்கிட்டா சொல்றேன்?"

"சும்மா ஒரு ஆசைக்கு."

"ஆசைக்குக் கண்ணக் கட்டுறவள இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே தலையைக் கொடுத்தார்.

பென்சிலின் மொண்ணை நுனியால் முதலில் சுண்டுவிரலைத் தொட்டாள். சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு வேறு, அதில் வெட்டே படவில்லை.

"சுண்டுவிரல்" என்றார்.

ஆள்காட்டி விரலைத் தொட்டாள்.

"கட்டைவிரல்."

மறுபடியும் அதே இடத்தில் தொட்டாள்.

"கட்டைவிரல்தான். எத்தன தடவ கேப்பே?"

கட்டைவிரலைத் தொட்டாள்.

"நடுவிரல்."

மாற்றி மாற்றிப் பத்துத் தடவை தொட்டிருப்பாள். அவர் கொஞ்சமும் தயங்காமல், பரீட்சையில் எல்லாம் தெரிந்த பிள்ளை மாதிரி, தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் பென்சிலைப் பாயில் போட்டாள்.

"போதும். அவுத்துடுங்க. சுண்டுவிரலத் தவிர ஒண்ணுகூட சரியில்ல."

துவாலை கீழே விழுந்தது. "என்ன சரியில்ல?"

"ஆள்காட்டி விரலத் தொட்டா கட்டைவிரல்ங்குறீங்க. கட்டைவிரலத் தொட்டா நடுவிரல்ங்குறீங்க. ஒண்ணுமே தெரியல உங்களுக்கு. குத்துமதிப்பா அடிச்சு விடுறீங்க. இந்த எறும்பும் அப்படித்தானே?"

"கட்டைவிரலத்தான் நீ தொட்டே. எனக்குத் தெரியாதா? பளிச்சுனு தெரிஞ்சுதே!"

"பென்சில் என் கையில இருந்துச்சு. எதத் தொட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

கலந்தர் அவளையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்து போனது. எங்கேயோ இருந்த ஒரு பூட்டுக்குச் சாவி கிடைத்த மாதிரி.

"ஓ. அதுக்குத்தான் கண்ணக் கட்டினியா?"

"எதுக்கு?"

"நீ ஒரு விரலத் தொட்டுட்டு இன்னொரு விரலச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுதான் கட்டியிருக்கே. உன் தம்பி போகணும்னா வாயத் தொறந்து கேளு சுமையா. நானே அனுப்பி வைக்கிறேன். என் கைய வெச்சு வெளயாடாத."

அன்றைக்குப் புள்ளி வைக்காமலேயே கலந்தர் ஜும்ஆவுக்குப் போனார்.

எட்டு மாதமாக அவர் கைக்கு மருதாணி அரைத்தவளைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டாரே என்ற எரிச்சலா, தோசைக்கல் வாசனையா, எது அவளைத் தள்ளியது என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் சுமையாவுக்குப் பிடிபடவில்லை. அடுத்த வியாழக்கிழமை, கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு மண்ணடிக்குப் பேசினாள்.

"உன் பாஸ்போர்ட்ட மச்சானோட முதலாளிக்கு ஃபேக்ஸ் பண்ணிடு. மெடிக்கலும் எடுத்து வெச்சுக்க."

மறுமுனையில் ஷஹ்பாஸ் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, மச்சானுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிறேன்."

"மச்சானுக்கு அடுப்படி வேலை கை வந்த கலை. எனக்கு சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது."

"அதெல்லாம் கத்துக்கலாம். நீ அனுப்பு."

சொல்லிக்கிறேன் என்றாளே தவிர, வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கவில்லை. இரண்டு வாரம் போயிற்று. பேச்சு சோறு, தண்ணீர், மின்சார பில் என்று சுருங்கிவிட்டது. கலந்தர் சாப்பிடும்போது அவள் அவருடைய விரல்களைப் பார்த்தாள். அவள் கடைக்குக் கிளம்பும்போது அவர் மணியைப் பார்த்தார்.

டாக்டரின் கடிதம் வாங்க வேண்டிய நாள் வந்தது. தஞ்சாவூருக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு போனார்கள்.

சான்ட்ரா டாக்டரின் ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்கிற எல்வின் சின்ன வயசுப் பையன்தான். தரங்கம்பாடிக்காரன். மேசைக்கு நடுவில் ஒரு அட்டையை நிறுத்தி, அதிலிருந்த ஓட்டை வழியாகக் கலந்தரின் கையை அந்தப் பக்கம் நீட்டச் சொன்னான். கை எல்வின் பக்கம், முகம் இந்தப் பக்கம். சுமையா எல்வினுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். அவர் மாட்டிக்கொள்ளப் போகிறார். நல்லவேளை, சொல்லப் போவது நான் இல்லை.

எல்வின் பேனா மூடியால் ஆள்காட்டி விரலைத் தொட்டான்.

"கட்டைவிரல்" என்றார் கலந்தர்.

கட்டைவிரலைத் தொட்டான்.

"நடுவிரல்."

மறுபடி ஆள்காட்டி. மறுபடி கட்டைவிரல் என்றார். எல்வினின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"பாய், பேனாவ எடுக்காம அப்படியே வெச்சிருக்கேன். இப்ப எந்த விரல்ல இருக்கு?"

"கட்டைவிரல்ல."

"தலைய நீட்டி இந்தப் பக்கம் பாருங்க."

கலந்தர் அட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பேனா மூடி ஆள்காட்டி விரலின்மேல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். கட்டைவிரலில் ஒன்றுமே இல்லை. இடது கையால் கட்டைவிரலைத் துடைத்துப் பார்த்தார், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

"இங்கதான் அழுத்துது" என்றார்.

"அழுத்தும். சந்தோஷமான சமாச்சாரம் பாய். நரம்பு வந்து சேந்துடுச்சு. என்ன, வேற வீட்டுக் கதவத் தட்டிடுச்சு."

சுமையாவால் பொறுக்க முடியவில்லை. "அப்ப இவரு சொல்றது பொய் இல்லையா?"

எல்வின் திரும்பி அவளைப் பார்த்தான். "பொய் சொல்றவருக்கு இவ்வளவு ஒழுங்கா தப்பு சொல்ல வராதுக்கா. குத்துமதிப்பா சொல்றவர் ஒரு தடவ நடுவிரல்ம்பார், அடுத்த தடவ வேற ஒண்ணும்பார். இவரு ஒவ்வொரு தடவையும் அதே தப்பத்தான் சொல்றாரு. பாத்துட்டுச் சொல்றவரா இருந்தா சரியாவே சொல்லியிருப்பாரே!"

அவளுக்குக் காது சூடாயிற்று. பத்துத் தடவை. அன்றைக்குப் பத்துத் தடவையும் அவர் ஒவ்வொரு விரலுக்கும் அதே பதிலைத்தான் சொன்னார். பத்துத் தடவையும் பென்சிலைப் பிடித்திருந்தவள் அவள்தான்.

எல்வினுக்கு யாராவது கேட்டால் போதும் போலிருந்தது. அட்டையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தாய் வயித்துல புள்ள ஒரு மொச்சக்கொட்ட அளவு இருக்கிறப்பவே நரம்பெல்லாம் கெளம்பிடும். ஒவ்வொரு நரம்போட நுனியிலயும் சின்னதா ஒரு கை மாதிரி விரிஞ்சிருக்கும். அது முன்னால தடவித் தடவிப் பாத்துக்கிட்டே போகும். போற வழியில சில எடம் இங்க வான்னு இழுக்கும், சில எடம் இந்தப் பக்கம் வராதேன்னு தள்ளும். கண்ணு கெடையாது. வாசனை புடிச்சு எறும்பு போகுதுல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அப்ப தூரமும் ரொம்பக் கம்மி. முதல்ல போய்ச் சேர்ற நரம்பப் புடிச்சுக்கிட்டே பின்னால வர்றதெல்லாம் போகும். தப்பான எடத்துக்குப் போறதும் உண்டு. அதுல நெறைய அங்கேயே காஞ்சு போயிடும். அப்படித்தான் கட்டைவிரல் நரம்பு கட்டைவிரலுக்குப் போய்ச் சேருது, யாரும் சொல்லிக் குடுக்காம."

"இப்ப மட்டும் ஏன் தெரியல?" என்றார் கலந்தர்.

"இப்ப நீங்க வளந்துட்டீங்க. ஒரு மொச்சக்கொட்ட தூரம் போய், முக்கா அடி ஆயிடுச்சு. அந்த வாசனையும் பழைய மாதிரி இல்ல. பழைய நரம்பு ஓடின குழாய்ங்க மட்டும் ஆயிரக்கணக்குல காலியா கெடக்கு. வெட்டுன எடத்துலேர்ந்து வர்ற நுனி பக்கத்துல எந்தக் குழாய் கெடச்சுதோ அதுல பூந்துடும். பூந்தப்புறம் குழாய் எங்க போகுதோ அங்கதான் போயாகணும். கட்டைவிரலுக்குப் போயிருந்த நரம்பு ஆள்காட்டி விரலுக்குப் போயிடுச்சு. ஆனா மூளைக்கு அது தெரியாது. அந்த நரம்புல சேதி வந்தா கட்டைவிரல்னுதான் எடுத்துக்கும்."

"மாத்தி வைக்க முடியாதா?"

"நரம்ப மாத்த முடியாது. மூளையத்தான் பழக்கணும். கண்ணத் தொறந்து பாத்துக்கிட்டே ஒரு விரலத் தொடணும், பேரச் சொல்லணும். அப்புறம் கண்ண மூடிட்டுத் தொடணும். வீட்ல ஒருத்தர் எந்த விரல்னு சரியா சொல்லிக் குடுக்கணும். அவங்க சொல்றத நீங்க நம்பணும். உங்க விரல் சொல்றத நம்பக் கூடாது." நாலைந்து மாதம் பிடிக்கும் என்றான். முழுசாகச் சரியாகாமல் போனாலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

சுமையா பையிலிருந்து முடிச்சு நூலை எடுத்துக் காட்டினாள். எல்வின் அதை மேசையில் நீட்டி அளந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சீராக ஒருத்தரும் கொண்டு வந்ததில்லை என்று சொல்லி, சான்ட்ரா டாக்டரிடம் காட்ட எடுத்துக்கொண்டு ஓடினான்.

டாக்டர் இரண்டு சின்னக் குப்பிகளில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் வைத்து விரல்களைத் தொட்டுப் பார்த்தார். கலந்தர் இரண்டையும் சரியாகச் சொன்னார், வெந்நீருக்கு மட்டும் ஒரு மூச்சு தாமதமாக. டாக்டர் கடிதத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"உணர்ச்சி வந்திருக்கு, வேலைக்குப் போகலாம்னு எழுதியிருக்கேன். ஆனா கொதிக்கிற எண்ணெய் வேற விஷயம். அத நான் இங்க சோதிச்சுப் பாக்க முடியாது. அடுப்படியில நின்னு பாத்துட்டு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் பை மடிக்குப் போய்விட்டது. சாலியமங்கலம் தாண்டியது. வெளியே சம்பா தூர் கட்டிப் பச்சையாக நின்றது. கலந்தர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்னத் தப்பா நெனச்சுட்டேன்."

சுமையா மடியிலிருந்த பையை நேராக்கி வைத்தாள்.

"ஆரம்பிச்சுடலாம் அவன் சொன்னத" என்று வலது கையை அவள் மடியில் இருந்த பையின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஆள்காட்டி விரலைத் தொட்டாள்.

"கட்டைவிரல்னு தோணுது. நீ சொல்லு."

"ஆள்காட்டி விரல்."

"சரி. ஆள்காட்டி விரல்."

கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. தன் விரல் சொன்னதைத் தள்ளிவிட்டு அவள் சொன்னதை எடுத்துக்கொண்டார். அவள் கட்டைவிரலைத் தொட்டாள். நடுவிரல்னு தோணுது, நீ சொல்லு என்றார். சொன்னாள். சரி என்றார். நாலு தடவை ஆயிற்று. ஐந்தாவது தடவை அவளால் முடியவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் நின்று, இன்ஜின் அணைந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு" என்றார், கண்ணை மூடியபடியே.

"ஷஹ்பாஸோட பாஸ்போர்ட்ட உங்க முதலாளிக்கு அனுப்பச் சொல்லிட்டேன்."

கண் திறந்தது. "எப்ப?"

"அன்னைக்குச் சண்ட போட்டோம்ல. அடுத்த வியாழக்கிழமை."

கலந்தர் கையை எடுத்துக்கொண்டார். அவசரமில்லாமல், இரவல் கொடுத்த பொருளைத் திரும்ப வாங்குவது போல. எழுந்து பஸ்ஸைவிட்டு இறங்கிப் போய், கேட்டின் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்க்கடலை விற்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் அவரைச் சுற்றி நின்றார்கள். சரக்கு ரயில் ஒன்று அவசரமில்லாமல் போயிற்று. கேட் திறந்து பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான் முன்வாசல் வழியாக ஏறினார். அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தும் கூத்தாநல்லூர்வரை நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் காலை அவரே பூத்துக்குப் போய்க் குவைத்துக்குப் பேசிவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"ரெண்டு பேரு பேப்பரும் மேசையில இருக்காம். யாருன்னு நாளைக்குள்ள சொல்லுங்கன்னுட்டார்."

"நீங்கதான் போகணும்."

"நேத்துவரைக்கும் உன் தம்பி போகணும். இன்னைக்கு நான் போகணும். எத நம்புறது?"

"எதையும் நம்பாதீங்க. அடுப்படிக்கு வாங்க."

வாணலியில் எண்ணெயை ஊற்றி அடுப்பை ஏற்றினாள். அன்றைக்கு ஹலீமா வீட்டில் பாத்திஹா ஓதுகிறார்கள் என்று சுமையா சம்சா மடித்து வைத்திருந்தாள். ஜல்லிக்கரண்டியை எடுத்து அவருடைய வலது கையில் கொடுத்தாள். கலந்தர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் நிற்கிற விதமே மாறிவிட்டது. எண்ணெயின் சத்தத்தைக் காதால் கேட்டுத் தீயைக் குறைத்தார். ஒவ்வொரு சம்சாவாக விளிம்போரம் நழுவவிட்டார், சத்தமில்லாமல். சிவந்ததைக் கரண்டியால் அள்ளி, வடித்து, தட்டில் போட்டார். சுமையா பக்கத்தில் நின்று சம்சாவை ஒன்றொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

ஏழாவதோ எட்டாவதோ போட்டபோது எண்ணெய் படீரென்று வெடித்தது.

"யா அல்லாஹ்!" கரண்டி தரையில் விழுந்து உருண்டது. கலந்தர் ஒரே எட்டில் பின்னால் தாவிக் கையை உதறினார். பிறகு கட்டைவிரலை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய் ஊதினார், ஊஃப் ஊஃப் என்று, குழந்தைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி.

கட்டைவிரலில் ஒன்றுமே இல்லை. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில்தான் ஒரு மிளகளவு சிவந்து கிடந்தது.

சுமையா அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக் குடத்துத் தண்ணீருக்குள் முக்கினாள்.

"அது இல்ல, இங்க எரியுது, இங்க!" என்று கட்டைவிரலைக் காட்டினார்.

"கொஞ்சம் சும்மா இருங்க."

இருவரும் குடத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. திடுக்கிட்டு அலறுகிற மனிதன் வேண்டுமென்றே தப்பான விரலை ஊத மாட்டான். சூடும் தெரிந்துவிட்டது, அவளுக்கு இனிமேல் சோதித்துப் பார்க்க ஒன்றுமில்லை.

"எரிச்சல் குறையுதா?"

கலந்தர் தன் கட்டைவிரலை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். "குறையுது" என்றார். "நீ அங்க தண்ணி விடுறே, இங்க குறையுது." குடத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "சம்சா ஏன் வெடிச்சுச்சு?"

"ஈரமா இருந்துச்சு."

"நான் போட்ட மத்ததெல்லாம் ஈரமா இல்லியே."

சுமையா அவரைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். மாவில் தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

"நான்தான் ஒண்ணே ஒண்ண தண்ணியில தொட்டுக் குடுத்தேன்."

"வேணும்னேயா?"

"ஆமா."

அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்தது. அவள் எழுந்து அணைத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அவருடைய தோள் குலுங்குவதைப் பார்த்துப் பயந்துபோனாள். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்புறியா, கை சரியாயிடுச்சுன்னு?"

"நம்புறேன்."

"மறைக்காம அதச் சொன்னியே, நீதான் நனச்சேன்னு. அது போதும் எனக்கு" என்றார் கலந்தர். "ஷஹ்பாஸுக்கு நீயே பேசிடு. நான் பேசினா அவன் வருத்தப்படுவான்."

ஷஹ்பாஸ் அப்போதும் வருத்தப்பட்டான். மெடிக்கலெல்லாம் எடுத்துவிட்டேனே அக்கா என்று ஒரே ஒரு தடவை சொன்னான். ரம்ஜான் பெருநாளுக்கு ஊருக்கு வரவில்லை.

கலந்தர் புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சுமையா மருதாணி அரைத்தாள். எறும்பு விரல் நுனிக்கே வந்துவிட்டதால் புள்ளி வைக்க இடம் இல்லை. அவள் ஆள்காட்டி விரலின் நகத்தில் முழுக்க அப்பி, மேலே ஒரு துணிச் சுருளைக் கட்டினாள். தோலில் போட்டால் பத்து நாள். நகத்தில் போட்டால், அது வளர்ந்து வெட்டிப்போட நாலைந்து மாதம். எல்வின் சொன்ன கணக்கும் அதுதான்.

"அங்க எவனாவது பாத்தா என்ன சொல்றது?" என்றார்.

"பொண்டாட்டி வெச்சதுன்னு சொல்லுங்க. எண்ணெய் தெறிச்சா மொதல்ல செவப்பு நகத்தப் பாருங்க. அப்புறம் ஊதுங்க."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். "தொடு."

தொட்டாள்.

"கட்டைவிரல்னு தோணுது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஆள்காட்டி விரல்."